எட்டாம் வகுப்பு வரை படித்த அம்மா பிளஸ் டூ மகனுக்கு என்ன செய்ய முடியும்?

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ. அரையாண்டுத் தேர்வில் 600க்கு 312. கணக்கில் 51, இயற்பியலில் 38, வேதியியலில் 44. பொங்கலுக்குப் பிறகு வீட்டில் அதிகம் பேசுவதே இல்லை. பொறியியல் படிக்க ஆசை. அப்பா லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். அம்மா தையல் வேலை செய்கிறார். “நாங்கள் இருவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. அவன் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இனிமேல் டியூஷனில் சேர்க்கலாமா? போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? நாங்கள் அவனுக்கு எப்படித்தான் உதவுவது?” என்பது அவருடைய கேள்வி.

அம்மா, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் ஒவ்வொரு மே, ஜூன் மாதமும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது கூட உட்காருகிறேன். பாடம் புரியாததால் உங்களால் உதவ முடியாது என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்பை முதலில் விடுங்கள். தேர்வு அவனுடையது. அதில் நீங்கள் நுழைய வேண்டியதில்லை. ஆனால் தேர்வைச் சுற்றி இருப்பவை உங்கள் கையில் இருக்கின்றன. தூக்கம், சாப்பாடு, வீட்டுப் பேச்சு, சான்றிதழ், விண்ணப்பம் எல்லாம் அதில் அடங்கும். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் வழுக்கி விழுந்ததைப் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

பாடத்திலும்கூட உங்களால் ஒன்று செய்ய முடியும். ஒரு மாணவி நான்கு நாள் வகுப்புக்கு வரவில்லை என்று வீடு தேடிப் போனேன். காய்ச்சல் தணிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் அம்மா முறத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) உரித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர். “இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்” என்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் காப்பர் சல்பேட் ஏன் நீல நிறம் என்று சொல்ல ஆரம்பித்தாள். “எது, மயில்துத்தமா? அப்பா தோட்டத்துக்கு வாங்கிவந்து வைத்திருப்பாரே, அதுவா?” என்றார் அம்மா. “அதுதான். அதைச் சூடாக்கினால் வெள்ளையாகிவிடும். நீர் விட்டால் மறுபடி நீலமாகும்.” “ஏன்?” இந்த ‘ஏன்’ வந்ததும் அவள் நின்றுவிட்டாள். செம்பு அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் நிற்பது, அதனால் டி ஆர்பிட்டால்கள் பிரிவது என்று ஏதோ தொடங்கி, பாதியில் தடுமாறி, அவளே எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அம்மா மல்லாட்டையை உரித்தபடி காத்திருந்தார்.

நான் வகுப்பில் மூன்று முறை நடத்தியதைவிட அந்தத் திண்ணையில் நடந்தது அவளுக்கு அதிகம் பயன்பட்டது. இது என் உணர்ச்சிவசப்பட்ட பேச்சு இல்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, ஒருமுறை வாசித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. நம் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் முதல் வகை. புத்தகம் திறந்திருக்கும், கண் ஓடும், தெரிந்த மாதிரியே இருக்கும். கேள்வித்தாளில் அதே வரி வேறு முகத்தோடு வரும்போது கை நிற்கும். எனவே தினமும் இரவு பதினைந்து நிமிடம், தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே, “இன்று படித்ததில் ஒன்றைச் சொல்லப்பா” என்று கேளுங்கள். சரியா தவறா என்று நீங்கள் பார்க்க வேண்டாம். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் போதும். இன்னொரு வழியில் சொல்ல அவன் முயல்வான், அவனுக்கே தெளியும். முதல் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு போகலாம். அப்போது வற்புறுத்தாதீர்கள், மூன்றாம் நாள் மறுபடி கேளுங்கள்.

டியூஷன் விஷயம். மார்ச்சில் தேர்வு, அதற்கு முன் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, நடுவில் திருப்புதல் தேர்வுகள். இந்த நேரத்தில் புது ஆசிரியர், புது நோட்டு, சைக்கிளில் போய்வரும் நேரம் என்று ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவனுடைய கணக்கு ஆசிரியரையும் இயற்பியல் ஆசிரியரையும் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். “இன்னும் இருக்கிற நாளில் எந்தெந்தப் பாடங்களைப் பிடித்தால் இவன் கரையேறுவான்?” என்று கேளுங்கள். மெல்லக் கற்போருக்கான கையேடு பள்ளியிலேயே இருக்கும். பெற்றோர் தேடிவந்து கேட்ட பிள்ளையை எந்த ஆசிரியரும் மறப்பதில்லை. எனக்கு அப்படித்தான் இருந்தது.

மதிப்பெண் கணக்கை நீங்களும் தெரிந்துவைத்துக்கொண்டால் பயம் பாதி குறையும். இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணக்கில் எழுத்து 90, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு 35 வேண்டும். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். செய்முறையை ஒழுங்காகச் செய்து, ரெக்கார்டு நோட்டை முடித்துக் கொடுத்து, வகுப்புக்குத் தவறாமல் போன பிள்ளை கையில் கணிசமான மதிப்பெண்ணோடுதான் தேர்வறைக்குள் போகிறான். ஆகவே செய்முறை வகுப்புக்கு ஒரு நாளும் விடுப்பு எடுக்க விடாதீர்கள், உறவினர் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் சரி. எழுத்துத் தேர்விலும் ஒரு மதிப்பெண் கேள்விகள் இயற்பியலில் 15, கணக்கில் 20. பாடத்தின் பின்னால் இருக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகளை முதலில் கெட்டியாக்கச் சொல்லுங்கள்.

பொறியியலுக்குத் தமிழ்நாட்டில் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. அதை 2007இலேயே நீக்கிவிட்டார்கள். கணக்கு மதிப்பெண் முழுதாக, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி கூட்டி 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். உங்கள் மகனுக்கு இன்றைய கணக்கில் 51, 19, 22, ஆக 92. இதை ஒரு தாளில் எழுதி அவனிடம் காட்டுங்கள். கணக்கில் 20 மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் 20 கூடும். இயற்பியலில் அதே 20 கூடினால் 10தான் கூடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க ஓடி எதையும் பிடிக்காமல் சோர்ந்துபோகும் பிள்ளைக்கு இந்தச் சிறு கணக்கு ஒரு பிடிமானம். எங்கே தள்ளினால் வண்டி நகரும் என்று தெரிந்துவிடும்.

இனி வீடு. போனைப் பிடுங்காதீர்கள். பதினேழு வயதுப் பையனிடம் பிடுங்கினால் அவன் மனம் நாள் முழுவதும் அந்தப் போனிலேயே இருக்கும். பாடப் புத்தகத்திலுள்ள கியூஆர் குறியீட்டைப் பார்க்கவும் அதுதான் வேண்டும். இரவு பத்து மணிக்கு எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, உங்கள் தலைமாட்டில் சார்ஜ் போடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தனக்கு மட்டும் என்றால் தண்டனையாகத் தெரியும். எல்லோருக்கும் என்றால் வீட்டுப் பழக்கமாகிவிடும்.

தூக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு ஒரு மணி வரை விழித்துவிட்டு, நாலு மணிக்கு எழுப்பிவிடச் சொல்லும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். பகலில் படித்தது மனத்தில் படிவதே தூக்கத்தில்தான். தூங்காமல் படிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது போல. பருவ வயதில் இரவில் தூக்கம் தாமதமாக வருவது உடம்பின் இயல்பு, அதைச் சோம்பல் என்று திட்ட வேண்டாம். அதிகாலைப் படிப்பு எல்லோருக்கும் ஒத்துவராது. பத்தரைக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தாலே ஏழரை மணி நேரம் ஆகிவிட்டது. பள்ளி வைத்துக்கொண்டு அதற்குக் கீழே மட்டும் இறங்கவிடாதீர்கள்.

பேச்சிலும் கவனம் வேண்டும். “உனக்காகத்தான் அப்பா ராத்திரி பகலாக லாரி ஓட்டுகிறார்” என்று சொல்லாதீர்கள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் பேசாமல் இருப்பதற்கே அது காரணமாக இருக்கலாம். 312 என்ற எண்ணைப் பார்த்ததும் அவனுக்கு அப்பாவின் முகம்தான் ஞாபகம் வந்திருக்கும். அந்தச் சுமையை மேலும் ஏற்றினால் படிக்கிற கைதான் நடுங்கும். சாப்பிடும்போது படிப்பைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள். அப்பா வெளியூரிலிருந்து கூப்பிடும்போது முதல் கேள்வி “சாப்பிட்டாயா?” என்று இருக்கட்டும். “படித்தாயா?” வேண்டாம்.

(இது மகளாக இருந்திருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்பேன். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம், தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் செய்துவிட்டு ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் தொடும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேர்வு முடியும்வரையாவது அவர்களை அந்த வேலைகளிலிருந்து விடுவியுங்கள். ரிசல்ட்டுக்கு முன்பே வரன் பேச ஆரம்பிப்பதை விடக் கொடுமை இல்லை.)

இப்போது உங்களுடைய தேர்வுக்கு வருகிறேன். பிள்ளை மார்ச்சில் எழுதுவான். நீங்கள் பிப்ரவரிக்குள் எழுதி முடிக்க வேண்டியது சான்றிதழ் தேர்வு. முதலில் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் பாயில் வரிசையாக வைத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். இதைத் திருத்த ஜூன் மாதம் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் கூட்டத்தில் உங்களை நான் பார்க்கக் கூடாது.

அடுத்து வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ். எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் பட்டதாரி சான்றிதழ் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதபோது தருவது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. உங்கள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. மருத்துவத்தில் 2020இல் வந்தது, 2021இல் பொறியியலுக்கும் விரிந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. “அது இருக்கும்போது முதல் பட்டதாரி சான்றிதழ் எதற்கு?” என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். உள் ஒதுக்கீட்டில் நினைத்த இடம் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் கிடைத்தால் அதுதான் கைகொடுக்கும். கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் இருக்கிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண். மாணவர் விவரங்களைப் பள்ளி இணையத்தில் பதிந்துவைக்கும் எமிஸ் பதிவில் அவன் படித்த வகுப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

விண்ணப்பம் போடும்போது ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் சொந்தக் கைபேசி எண்ணையே கொடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன், கட்-ஆஃப் 170க்கு மேல். வீட்டில் அப்பாவுக்கு மட்டும் ஒரு போன், அதையும் கட்டட வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்பதால், விண்ணப்பம் போட்ட பிரவுசிங் சென்டர்க்காரர் தன்னுடைய எண்ணையே பதிந்துவிட்டார். கலந்தாய்வில் இடம் ஒதுக்கி வந்த குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குப் போனது. குறித்த நாளுக்குள் ஒப்புதல் கொடுக்கவில்லை. இடம் போய்விட்டது. அந்தப் பையன் என்னிடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விண்ணப்பித்த அன்றே அவன் படிவத்தை நான் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

பொறியியல் கலந்தாய்வு 2018இலிருந்து இணையவழியில் நடக்கிறது. கட்-ஆஃப்படி தரவரிசை, அதன்படி சுற்றுகள். அவரவர் சுற்றில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசையில் பட்டியலிட வேண்டும். மேலே பெரிய கல்லூரியை வைத்தால் கீழே கிடைக்க வேண்டியது போய்விடும் என்று ஒரு பயம் ஊரில் உலவுகிறது. அப்படி இல்லை. கணினி உங்கள் பட்டியலை முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, உங்கள் தரவரிசைக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் இடம் இருக்கிற முதல் வரியில் நிற்கும். ஆகவே உண்மையாக எது முதலில் வேண்டுமோ அதை முதலில் வையுங்கள். நிறையப் போடுங்கள். ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டோம் என்கிற கல்லூரியைப் போடாதீர்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன, அதனால் பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, பட்டியலில் மேலே உள்ள இரண்டு கல்லூரிகளையாவது நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். வாசல் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தையும் அங்கே படிக்கிற பிள்ளைகளையும் பாருங்கள்.

ரிசல்ட்டுக்கு முன்பே “சீட் உறுதி” என்று முன்பணம் கேட்டு ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். அதே நேரம் பொறியியல் ஒன்றையே நம்பி இருக்காமல் அரசு கலை அறிவியல் கல்லூரிக்கும் விண்ணப்பியுங்கள். செலவு மிகக் குறைவு. இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்று அவனுக்குப் பிடித்ததை அங்கே படித்து, என்னைவிட மேலே போன என் மாணவர்கள் பலர்.

கடைசியாக, மே மாதம் முடிவு வரும் நாள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றில் கலக்கம். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் தெருவில் யாரும் நிறுத்தவில்லை. காலை பத்து மணிக்குள் பக்கத்து வீடு, மாமா, சித்தப்பா என்று போன் வரும். அன்று போனை நீங்கள் எடுங்கள். “அவன் சொல்வான், பிறகு பேசுகிறோம்” என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். ஒரு பாடத்தில் போய்விட்டால் அந்த ஒரு பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் போதும். அதுவும் அடுத்த சில வாரங்களிலேயே வந்துவிடும், ஆண்டு வீணாகாது. துணைத் தேர்வில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இவற்றையெல்லாம் முடிவு வருவதற்கு முன்பே, சாதாரணமான ஒரு மாலையில், அவன் காதில் போட்டு வையுங்கள். கதவு அடைத்த பிறகு எந்தப் பிள்ளைக்கும் இது கேட்காது.

அவன் பேசாமல் இருப்பது தொடர்ந்தால், சாப்பாடு குறைந்தால், தூக்கம் கெட்டால், “நான் இருந்து என்ன பயன்” என்ற மாதிரி ஒரு சொல் வந்தால், அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படித் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவனைத் தனியே விடாமல், 14416க்கு நீங்களே கூப்பிடலாம். அது அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417.

முடிவு வரும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அந்தத் தேதி தெரிந்த அன்றே உங்கள் கணவரிடம் சொல்லி, அந்த ஒரு நாள் லோடு எடுக்காமல் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். நீங்களும் தையல் மிஷினை மூடி வையுங்கள். அவன் போனில் பதிவு எண்ணைத் தட்டும்போது இரண்டு பேரும் பக்கத்தில் இருங்கள். எண் எதுவாக வந்தாலும் முதலில் அவன் பார்ப்பது திரையை இல்லை, அப்பாவின் முகத்தை.